‘அதே சால்ட்தான்’: மெட்டோபுரோலால் டார்ட்ரேட்டா, சக்சினேட்டா?

மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நிற்பவர்கள் ஒரு நாளைக்கு இருபது முறையாவது சொல்லும் வசனம் ஒன்று உண்டு: “கம்பெனிதான் வேற, சால்ட் அதேதான்.” கேட்ட மாத்திரை ஸ்டாக் இல்லை, ஆளைத் திருப்பி அனுப்ப மனசில்லை, அதே மருந்து வேறு பெயரில் அலமாரியில் இருக்கிறது. அப்போது கைகொடுப்பது இந்த வசனம்தான். பாரசிட்டமாலுக்கு இதைச் சொன்னால் பொய்யில்லை. சளி மாத்திரைக்கும் பெரும்பாலும் பரவாயில்லை. 22 வருடமாக நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு பிரஷர் மாத்திரைக்கு மட்டும் வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, அட்டையைத் திருப்பிப் படிப்பேன். அது மெட்டோபுரோலால்.

கடைப் பேச்சில் ‘சால்ட்’ என்றால் மருந்தின் மூலப்பெயர், அவ்வளவுதான். வேதியியலில் உப்பு என்பது வேறு சங்கதி. ஒரு முறை ஓர் அம்மா, “பிரஷருக்கு உப்பைக் குறை உப்பைக் குறைன்னு டாக்டர் திட்டுறாரு, நீங்க என்னடான்னா மாத்திரையே உப்புங்கிறீங்க” என்று கேட்டார். சிரித்துவிட்டு விளக்கினேன். கேள்வி என்னவோ நியாயமானது. ஏனென்றால் மெட்டோபுரோலால் விஷயத்தில், எந்த உப்பு என்று நிஜமாகவே கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது.

எனக்கு இது உறைத்தது பெரியப்பாவால். கோவில்பட்டிக்காரர், தபால் துறையில் ஓய்வு பெற்றவர். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் அளவு 35 சதவீதம் என்று வந்தது. காலையில் ஒரு மெட்டோபுரோலால் எக்ஸ்எல் 50, அதாவது மருந்தை மெதுவாக விடும் சக்சினேட் வகை. நாடி 62, 64 என்று கட்டுக்குள் இருந்தது. மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துபோக, தெருமுனைக் கடையில் காலி அட்டையைக் காட்டியிருக்கிறார். “சால்ட் அதேதான் சார்” என்று ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். பெயர் மெட்டோபுரோலால், எண் 50. இரண்டும் பொருந்துகிறது, விலையும் குறைவு. பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

நாலாம் நாள் விடிகாலை ஐந்து மணிக்குப் போன். “ஏலே, நெஞ்சு படபடன்னு அடிக்கி. மெஷின் வச்சுப் பார்த்தேன், 98 காட்டுது.” மாத்திரை விட்டுப்போச்சா என்று கேட்டேன். ஒரு நாள்கூட விடவில்லையாம். அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மெட்டோபுரோலால் டார்ட்ரேட் 50. அன்றைக்கே இதய டாக்டரைப் பார்த்து, பழைய எக்ஸ்எல்லுக்கே திரும்பினார். நாடி மறுபடி அறுபதுகளுக்கு வந்தது. பெரிதாக எதுவும் ஆகவில்லை. ஆனால் 35 சதவீத இதயத்தை வைத்துக்கொண்டு அந்த நாலு நாளை அவர் ஓட்டியிருக்க வேண்டியதில்லை.

புளியும் அம்பரும்

மெட்டோபுரோலால் ஒரு காரப்பொருள். அதை ஏதாவதோர் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கினால்தான் நன்றாகக் கரையும், படிகமாக நிற்கும், மாத்திரையாக அடிக்கவும் வசதிப்படும். டார்டாரிக் அமிலத்தோடு சேர்த்தால் டார்ட்ரேட். நம் புளியைப் புளிக்க வைப்பது இந்த அமிலம்தான். சக்சினிக் அமிலத்தோடு சேர்த்தால் சக்சினேட். அந்தக் காலத்தில் அம்பர் எனும் கல்லாகிப்போன மரப்பிசினைச் சூடாக்கி இந்த அமிலத்தை எடுத்தார்கள். அதன் பெயர்கூட அம்பருக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. இரண்டு உப்பிலும் அமைப்பு ஒன்று: இரண்டு மெட்டோபுரோலால் மூலக்கூறுக்கு ஓர் அமில மூலக்கூறு துணை. குடலில் கரைந்ததும் துணை தன் வழியே போய்விடும். ரத்தத்தில் சுற்றுவது வெறும் மெட்டோபுரோலால்தான். அது புளியோடு வந்ததா, அம்பரோடு வந்ததா என்று இதயத்துக்குத் தெரியாது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். டார்டாரிக் அமிலம் கொஞ்சம் கனமானது, சக்சினிக் கொஞ்சம் லேசு. அதனால் டார்ட்ரேட் உப்பில் 78 சதவீதம்தான் மருந்து. சக்சினேட்டில் 82 சதவீதம். 50 மி.கி. டார்ட்ரேட்டில் ஏறக்குறைய 39 மி.கி. மெட்டோபுரோலால் இருக்கிறது. அதே 39 மி.கி. வேண்டுமென்றால் சக்சினேட்டில் 47.5 மி.கி. போதும்.

இந்தக் கணக்கால் வரும் குழப்பம் ஒன்று இருக்கிறது. எக்ஸ்எல் 50 அட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். பொடி எழுத்தில் இப்படி இருக்கும்: மெட்டோபுரோலால் சக்சினேட் 47.5 மி.கி., மெட்டோபுரோலால் டார்ட்ரேட் 50 மி.கி.க்குச் சமம், எக்ஸ்டெண்டட் ரிலீஸ் வடிவில். அதாவது சக்சினேட் மாத்திரையின் அட்டையிலேயே டார்ட்ரேட் என்ற பெயரும் அச்சாகியிருக்கிறது! மாத்திரையில் துளி டார்ட்ரேட் கிடையாது. முதலில் சந்தைக்கு வந்தது டார்ட்ரேட்; டாக்டர்களுக்குப் பழகிய எண்கள் 25, 50, 100. பின்னால் வந்த சக்சினேட்டையும் அந்தப் பழைய அளவுகோலாலேயே அளந்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அவசரத்தில் அட்டையைப் பார்ப்பவர் கண்ணில் ‘டார்ட்ரேட் 50’ மட்டும் பட்டால், கையில் வருவது எதுவாகவும் இருக்கலாம். பெரியப்பா விஷயத்தில் அந்தக் கடைக்காரர் அப்படித்தான் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். அவரை மட்டும் குறைசொல்லவும் மனம் வரவில்லை.

எடைக் கணக்கு இப்படிச் சமனாகிவிட்டது. மிச்சம் இருப்பது நேரக் கணக்கு. விஷயமே அதில்தான் இருக்கிறது.

எத்தனை மணி நேரத்தில் திறக்கிறது

வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு டம்ளர் தண்ணீர். ஒன்றில் சாதா டார்ட்ரேட் மாத்திரையைப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் உதிர்ந்து, தண்ணீர் கலங்கிவிடும். இன்னொன்றில் எக்ஸ்எல்லைப் போடுங்கள். சில கம்பெனி மாத்திரை உடைந்து, கசகசா மாதிரி பொடிப்பொடி மணிகளாக அடியில் உட்காரும். மணிகள் கரையாமல் அப்படியே கிடக்கும். வேறு சில கம்பெனி மாத்திரை உடையவே உடையாது. ஊறவைத்த ஜவ்வரிசி போல் உப்பி, வெளியே ஒரு வழவழப்பான கூழ்ப்படலம் கட்டும். முதல் வகையில் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி உறை உண்டு. அதன் வழியாக மருந்து கசிந்து வருகிறது. இரண்டாவதில் அந்தக் கூழ் வழியாகக் கசிகிறது. வழி எதுவானாலும் வேலை ஒன்று: ஒரு நாளுக்கான மருந்தை ஒரேயடியாகக் கொட்டாமல், மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுவது.

ரத்தத்தில் மெட்டோபுரோலால் பாதியாகக் குறைய, பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 4 மணி நேரம் போதும். காலை 8 மணிக்கு ஒரு டார்ட்ரேட் போட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். இரவு 8 மணிக்கு உச்சத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். நாடியை அடக்கும் வேலை ரத்த அளவைவிடக் கொஞ்சம் நீடிக்கும் என்பது உண்மை. ஆனாலும் விடிகாலைவரை தாங்காது. அதனால்தான் டார்ட்ரேட்டைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதுவார்கள். பெரியப்பாவுக்கு மாறியது உப்பு மட்டுமில்லை. இரண்டு வேளை மாத்திரையை அவர் ஒரு வேளை மாத்திரையாகப் போட்டுக்கொண்டிருந்தார். நாளின் பாதி நேரம் அவர் இதயம் காவல் இல்லாமல் இருந்தது.

எக்ஸ்எல் மாத்திரையில் உச்சம் அவ்வளவு உயராது. டார்ட்ரேட்டின் உச்சத்தில் கால் பங்கிலிருந்து அரைப் பங்குக்குள் நின்று, அந்த மட்டத்திலேயே ஒரு நாள் முழுக்க ஓடும். உடம்புக்குள் போய்ச் சேரும் மொத்த மருந்தும் கொஞ்சம் குறைவு. டார்ட்ரேட்டோடு ஒப்பிட்டால் 77 சதவீதம் என்பது அமெரிக்க மருந்துக் குறிப்பில் உள்ள எண். ஆனாலும் ஏற்ற இறக்கம் இல்லாத சீரான ஓட்டம்.

மெட்டோபுரோலாலைக் கண்டுபிடித்தது சுவீடனின் ஆஸ்ட்ரா குழுமத்தைச் சேர்ந்த ஹெஸ்லே நிறுவனம். அமெரிக்காவில் டார்ட்ரேட்டுக்கு 1978-இல் அனுமதி கிடைத்தது. மணி உறை போட்ட சக்சினேட் அங்கே வந்தது 1992-இல். இத்தனைக்கும் மெதுவான மாத்திரைக்குச் சக்சினேட்டைத் தேர்ந்தெடுத்ததில் மந்திரம் எதுவும் கிடையாது. டார்ட்ரேட் தண்ணீர் பட்டதும் அள்ளிக்கொண்டு கரையும். சக்சினேட் அந்த அளவு அவசரப்படாது. கசிவைக் கட்டுப்படுத்துவது சுலபம். ஜெர்மனியில் டார்ட்ரேட் உப்பையே மெதுவாக விடும் மாத்திரையாகவும் விற்கிறார்கள். ஆக, நம்மூரில் ‘சக்சினேட்’ என்பது ‘மெதுவாகத் திறக்கும் மாத்திரை’ என்பதற்கான சங்கேதச் சொல்லாகிவிட்டது. ‘டார்ட்ரேட்’ என்றால் சாதா. கடையில் நிற்கும்போது உப்பின் பெயரோடு இன்னொன்றையும் தேட வேண்டும்: எக்ஸ்எல், எக்ஸ்ஆர், இஆர், எஸ்ஆர். நாலும் ஒரே அர்த்தம்தான். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு ஆசை.

இந்த மெதுவாகத் திறக்கும் வித்தையைச் சரியாகச் செய்வது சுலபமும் இல்லை. 2014-இல் இரண்டு இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவுக்கு அனுப்பிய மெட்டோபுரோலால் சக்சினேட் மாத்திரைகள் கரைதல் சோதனையில் தேறாமல் திரும்பப் பெறப்பட்டன. உப்பு சரி, எடை சரி, திறக்கும் வேகம்தான் சரியில்லை. அதனால் ஒரு கம்பெனி எக்ஸ்எல் ஒத்துப்போனால் மாதாமாதம் கம்பெனி மாற்றாமல் அதிலேயே இருங்கள் என்பது என் பழக்கமான யோசனை. மாற்றியே ஆக வேண்டுமானால் ஒரு வாரம் நாடியையும் பிரஷரையும் குறித்து வையுங்கள்.

வெறும் பிரஷர் மட்டும் என்றால்

இதயக் கோளாறு எதுவும் இல்லை, பிரஷர் மட்டும்தான் என்பவருக்கு எது நல்லது? டார்ட்ரேட்டை ஒழுங்காக இரண்டு வேளை போட்டால் பிரஷர் குறைவதில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு வேளையாகப் போட்டால், குறிப்பாக 100 மி.கி. போன்ற குறைந்த அளவில், 24 மணி நேரக் கடைசியில் பிடி தளர்ந்துவிடலாம் என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது.

‘ஒழுங்காக’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. காலை மாத்திரையை யாரும் மறப்பதில்லை. பல் தேய்த்து, காபி குடித்து, இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு வேலைக்குப் போகிறார்கள். இரவு மாத்திரைதான் சீரியலிலும் தூக்கத்திலும் காணாமல் போகிறது. மாசக் கடைசியில் வாங்க வருகிறவர்கள் பையில் காலை மாத்திரை தீர்ந்திருக்கும், இரவு மாத்திரையில் பத்துப் பன்னிரண்டு மிச்சமிருக்கும். இதைப் பார்த்துப் பார்த்துத்தான், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேளை எக்ஸ்எல்லே மேல் என்று நினைக்கிறேன். சாதா டார்ட்ரேட் மலிவுதான். ஆனால் எக்ஸ்எல்லும் யானை விலை இல்லை, இரண்டு வேளைக் கணக்குப் போட்டால் வித்தியாசம் இன்னும் சுருங்கும். டார்ட்ரேட்டைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு நாள், சாப்பிட்டு ஒரு நாள் என்றால் உடம்பில் சேரும் அளவே மாறும்.

இன்னொன்று. வெறும் பிரஷருக்கு பீட்டா பிளாக்கரே (மெட்டோபுரோலால் போல நாடியை அடக்கும் மருந்து வகை) முதல் தேர்வா என்பது தனி விவாதம். பிரிட்டனின் வழிகாட்டுதலில் 2006-லேயே முதல் வரிசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். படபடப்பு, நெஞ்சுவலி, மாரடைப்பு வரலாறு, இதயச் செயலிழப்பு என்று கூட ஏதாவது இருந்தால்தான் இதற்கு மவுசு. உங்கள் சீட்டில் மெட்டோபுரோலால் இருந்தால், ‘பிரஷருக்கா, இதயத்துக்கா’ என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் உப்பு எவ்வளவு முக்கியம் என்பது.

இதயம் தளர்ந்தவர்களுக்கு

பதில் ‘இதயச் செயலிழப்புக்கு’ என்று வந்தால், இங்கே பேரமே கிடையாது.

1999-இல் வெளியான மெரிட்-ஹெச்எஃப் ஆய்வில் 3,991 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மெட்டோபுரோலால் சக்சினேட்டின் மெதுவாகத் திறக்கும் மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 12.5 அல்லது 25 மி.கி.யில் தொடங்கி, இலக்கு 200 மி.கி. வரை ஏற்றினார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 217 பேர் இறந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 145 பேர். 34 சதவீதக் குறைவு. இதைப் பார்த்து ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

2003-இல் வந்த காமெட் ஆய்வில் 3,029 பேர். இன்னொரு பீட்டா பிளாக்கரான கார்வெடிலாலா, மெட்டோபுரோலாலா என்பது போட்டி. ஏறக்குறைய ஐந்து வருடத்தில் கார்வெடிலால் பக்கம் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மெட்டோபுரோலால் பக்கம் 40 சதவீதம். கார்வெடிலால் ஜெயித்தது. ஆனால் உடனே ஒரு சண்டை கிளம்பியது: அங்கே கொடுத்த மெட்டோபுரோலால், சாதா டார்ட்ரேட். இலக்கு 50 மி.கி. இரண்டு வேளை, ஆட்கள் சராசரியாக எட்டியது நாளுக்கு 85 மி.கி. மெரிட் ஆய்வில் எட்டிய சராசரியோ 159 மி.கி. ‘தோற்றது மெட்டோபுரோலாலா, இல்லை டார்ட்ரேட்டும் குறைந்த டோஸுமா’ என்று இதய மருத்துவர்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். சக்சினேட்டையும் டார்ட்ரேட்டையும் நேருக்கு நேர் மோதவிட்டு இத்தனை பெரிய உயிர்க் கணக்கு எடுத்ததில்லை என்பதால், அந்தச் சண்டைக்கு முழுத் தீர்ப்பும் வரவில்லை. ஆனால் நடைமுறைத் தீர்ப்பு வந்துவிட்டது. பம்ப் செய்யும் திறன் குறைந்த இதயத்துக்கு வழிகாட்டுதல்கள் சொல்லும் பீட்டா பிளாக்கர்களில் பிசோபுரோலால் இருக்கிறது, கார்வெடிலால் இருக்கிறது, மெதுவாகத் திறக்கும் மெட்டோபுரோலால் சக்சினேட் இருக்கிறது. டார்ட்ரேட் இல்லை.

என் பெரியப்பா கையில் டார்ட்ரேட் போனது ஏன் எனக்கு அவ்வளவு உறுத்தியது என்பது இப்போது புரியும்.

டார்ட்ரேட்டை மட்டமாக நினைக்க வேண்டாம்

இவ்வளவு சொன்னதால் டார்ட்ரேட் ஏதோ இரண்டாந்தரம் என்று தோன்றலாம். அப்படியில்லை. வேகமாக வந்து வேகமாகப் போவது சில இடத்தில் பெரிய வசதி. ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடும் மெட்டோபுரோலால் டார்ட்ரேட்தான். மாரடைப்பு, கட்டுக்கடங்காத படபடப்பு என்று வருகிறவருக்குச் சின்ன டோஸ் கொடுத்துப் பார்த்து, பிரஷர் விழுந்தால் அடுத்த வேளையை நிறுத்தலாம். எக்ஸ்எல்லை விழுங்கிய பிறகு இறங்கிவிட்ட பிரஷரை வைத்துக்கொண்டு மறுநாள் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு போகும் நோயாளிகள் வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பாவுக்கு, எல்லா மாத்திரையையும் உரலில் போட்டு இடித்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் வீடுகள் எத்தனையோ. எக்ஸ்எல்லை இடித்தால் உறை உடைந்து, ஒரு நாள் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கும்; காலையில் நாடி படுத்துவிடும், ராத்திரியில் மருந்தே இருக்காது. இவர்களுக்கு டாக்டரிடம் கேட்டு, அதே மொத்த அளவை டார்ட்ரேட்டாக இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்வதுதான் வழி. எக்ஸ்எல் 100 சாப்பிட்டவருக்கு டார்ட்ரேட் 50 காலை, 50 இரவு.

நடுவில் கோடு போட்ட எக்ஸ்எல்லைக் கோட்டில் இரண்டாக உடைக்கலாமா என்று கேட்பார்கள். மணி வகை மாத்திரையை உடைக்கலாம். ஒவ்வொரு மணிக்கும் தனி உறை இருப்பதால் பாதியும் மெதுவாகவே திறக்கும். கோடு இல்லாததை உடைக்கக் கூடாது. எதையும் மெல்லவோ பொடிக்கவோ கூடாது.

எக்ஸ்எல் என்பதாலேயே எல்லா இடத்திலும் நல்லது என்றும் இல்லை. 2008-இல் வந்த பாய்ஸ் ஆய்வில், ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு, அதுவரை பீட்டா பிளாக்கர் சாப்பிடாதவர்களுக்கு மெதுவாகத் திறக்கும் மெட்டோபுரோலால் சக்சினேட் 100 மி.கி. கொடுத்தார்கள். மொத்தம் 8,351 பேர். மாரடைப்பு குறைந்தது. ஆனால் பக்கவாதம் 0.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமானது, மரணம் 2.3-லிருந்து 3.1 சதவீதமானது. இதே சக்சினேட்தான், மெரிட் ஆய்வில் உயிரைக் காப்பாற்றிய அதே மாத்திரைதான். அங்கே வாரக்கணக்கில் பொறுமையாக ஏற்றினார்கள், இங்கே எடுத்த எடுப்பில் கொடுத்தார்கள்.

மற்ற பிரஷர் மாத்திரைகளிலும் இந்தத் தொல்லை உண்டா

அம்லோடிபினில் கிட்டத்தட்ட இல்லை. நாம் சாப்பிடும் அம்லோடிபின் பெரும்பாலும் பெசிலேட் உப்பு. ஃபைசர் கம்பெனி முதலில் மாலியேட் உப்பைத்தான் செய்து பார்த்தது. அது மாத்திரை அடிக்கும் மெஷினில் ஒட்டிக்கொண்டது, சீக்கிரம் கெட்டும்போனது. அதனால் பெசிலேட்டுக்கு மாறினார்கள். உடம்புக்குள் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அந்த நம்பிக்கையில்தான் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் மாலியேட் உப்போடு அமெரிக்கச் சந்தைக்குள் போகப் பார்த்தது. 2004-இல் அங்குள்ள நீதிமன்றம் காப்புரிமையைக் காட்டித் தடுத்தது. 2007-இல் பெசிலேட் காப்புரிமையையே இன்னொரு வழக்கில் செல்லாது என்றார்கள், அது வேறு கதை. அட்டையில் 5 மி.கி. என்று போடுவது அம்லோடிபினின் எடை. உப்போடு சேர்த்தால் ஏறக்குறைய 6.9 மி.கி. மருந்தே ஒரு நாளுக்கு மேல் ரத்தத்தில் தங்குவதால், எக்ஸ்எல் வித்தையெல்லாம் இதற்குத் தேவையே இல்லை. இங்கே ‘சால்ட் அதேதான்’ என்று தைரியமாகச் சொல்வேன்.

பெரிண்டோபிரில் இன்னொரு வகைக் குழப்பம். எர்புமின் உப்பில் 4 மி.கி. என்பது அர்ஜினின் உப்பில் 5 மி.கி.; 8 என்பது 10. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி வரும் டப்பாவில் 5 என்றிருக்கும், இங்கே எழுதிக்கொடுத்த சீட்டில் 4 என்றிருக்கும். டோஸ் கூடிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றே.

லோசார்ட்டான் பொட்டாசியம் என்ற பெயரைப் பார்த்துச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பதறுவார்கள். 50 மி.கி. மாத்திரையில் இருக்கும் பொட்டாசியம் 4 மி.கி. சொச்சம்; ஒரு வாழைப்பழத்தில் அதைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் இருக்கும். பயப்பட வேண்டியது வேறு இடத்தில். லோசார்ட்டான் பிரஷரைக் குறைப்பதோடு உடம்பில் பொட்டாசியத்தையும் தங்கவைக்கும். அந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே, பிரஷருக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்பு பாக்கெட்டை வாங்கிக் குழம்பில் போடுகிறார்களே, அதில்தான் பொட்டாசியம் அள்ளிக் கிடக்கிறது.

உப்பு அல்லாத இன்னொரு பொறியும் இருக்கிறது. நம் நாட்டில் எஸ்-மெட்டோபுரோலால், எஸ்-அம்லோடிபின் என்று தனி மாத்திரைகள் கிடைக்கின்றன. சாதா மருந்தில் வலக்கை, இடக்கை போல இரண்டு வடிவங்கள் கலந்திருக்கும். இவற்றில் வேலை செய்யும் ஒரு வடிவம் மட்டும். அதனால் எண் பாதி. எஸ்-அம்லோடிபின் 2.5 என்பது அம்லோடிபின் 5-க்குச் சமம். எஸ்-மெட்டோபுரோலால் 25 என்பது மெட்டோபுரோலால் 50-க்குச் சமம். “25 இல்லை, 50-ஐப் பாதியாக உடைச்சுக்கோங்க” என்று எஸ் போட்டதையும் போடாததையும் கலந்து யோசனை சொன்னால் டோஸ் எங்கேயோ போய் நிற்கும். முன்னால் இருக்கும் ‘எஸ்’ வேறு, பின்னால் வரும் ‘எஸ்ஆர்’ வேறு.

மாற்றும்போது

டார்ட்ரேட்டிலிருந்து எக்ஸ்எல்லுக்கு மாறுவது கணக்கில் எளிது: ஒரு நாளின் மொத்த டார்ட்ரேட் எவ்வளவோ, அதே எண்ணில் எக்ஸ்எல் ஒரு வேளை. 25 இரண்டு வேளை என்றால் எக்ஸ்எல் 50 ஒன்று. கணக்கு எளிது என்பதால் நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று இல்லை. டாக்டர் கையெழுத்து இல்லாமல் என் கடையில் இதை மாற்றித் தர மாட்டேன். மாறிய முதல் வாரம் காலையில் எழுந்ததும், மாத்திரை போடும் முன் ஒரு தடவை நாடி பாருங்கள். முந்தின நாள் மருந்து தாங்கியதா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும்.

எந்த உப்பானாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது. இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு அப்படி நிறுத்தி நெஞ்சுவலியும் மாரடைப்பும் வந்ததுண்டு. ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர், நாடி ஏற்கெனவே ஐம்பதுகளில் ஓடுகிறவர், நாடியைக் குறைக்கும் வேறு மாத்திரைகளான வெரபமில், டில்டியாசெம் சாப்பிடுகிறவர் இரண்டு உப்பிலும் ஒரே ஜாக்கிரதையில் இருக்க வேண்டும். மனச்சோர்வுக்கு ஃபுளூஆக்சிடின், பராக்சிடின் சாப்பிட்டால் கல்லீரல் மெட்டோபுரோலாலைச் சிதைப்பது தாமதமாகி, அளவு ஏறும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும், அதைக் கவனிக்கவும்.

பெரியப்பா இப்போது ஒரு பழைய அட்டையின் பெயர் அச்சான பகுதியைக் கத்தரித்து, பர்ஸில் ஆதார் கார்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். போனில் படம் எடுத்து வைக்கச் சொன்னால் கேட்கமாட்டார். போன வாரம் மதுரையிலிருந்து கூப்பிட்டார். கேட்ட கம்பெனி இல்லை, வேறு கம்பெனி தருகிறார்களாம். கடை வாசலிலேயே நின்று அட்டையைப் படித்தார்.

“சக்சினேட்னு போட்டிருக்குலே. ஆனா கீழ டார்ட்ரேட்னும் போட்டிருக்கானே?”

“அது சமக் கணக்கு பெரியப்பா. சக்சினேட் பக்கத்துல நம்பர் என்ன?”

“நாப்பத்தேழரை.”

“பேருக்குப் பின்னாடி எக்ஸ்எல்னு இருக்கா?”

கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. “எக்ஸ்ஆர்னுல்லா இருக்கு.”

“அதுவும் அதேதான். வாங்கிக்கோங்க.”